தெற்குக் கரையின் அடியில்

சிங்கப்பூரின் பழந்துறை புதுநகராக மாறவிருக்கிறது. அதற்கு முன் அதன் மண்ணையும் கடலடியையும் யார் படிப்பது?

1843ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், சிங்கப்பூர் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் தென்கரையில், பாறைமுனை என்று அக்காலத்தவர் அழைத்த இடத்திலே, சுமார் 10 அடி உயரமுள்ள மணற்கல் பாறையொன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. இரண்டாகப் பிளந்து நின்ற அந்தப் பாறையில் ஏறத்தாழ 50 வரிகள் கொண்ட சாசனம் பொறிக்கப்பட்டிருந்தது. மழையும் உப்புக்காற்றும் அரித்து மங்கச் செய்திருந்த அவ்வெழுத்துக்களை, அதற்கு முந்திய இருபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் வந்து பார்த்த அதிகாரிகளுள்ளும் பண்டிதர்களுள்ளும் ஒருவராலும் படித்துப் பொருள் காண இயலவில்லை. படிக்க முடியாத அந்தக் கல் நின்ற இடம் கோட்டைக்கும் அதன் குடியிருப்புக்கும் வேண்டும் என்று குடியேற்றத்தின் பொறியாளர் கேப்டன் ஸ்டீவன்ஸன் தீர்மானித்தார். கல்லை அழிக்க வேண்டா என்று லெப்டினன்ட் கர்னல் ஜேம்ஸ் லோ என்பவர் விண்ணப்பித்துக் கொண்டது பலிக்கவில்லை. வெடிச்சத்தம் அடங்கியதும், எதிர்க்கரையிலிருந்த தம் அலுவலகத்திலிருந்து ஆற்றைக் கடந்து சென்ற அவர், சிதறிக் கிடந்தவற்றுள் எழுத்துள்ள துண்டுகளைப் பொறுக்கியெடுத்து, அவை மிகப் பெரியனவாயிருந்தமையால், சீனக் கல்தச்சன் ஒருவனைக் கொண்டு எழுத்துள்ள பாகத்தை மட்டும் செதுக்கியெடுத்து, பின்னர்க் கல்கத்தாவுக்கு அனுப்பி வைத்தார். அவற்றுள் ஒன்று பிற்காலத்தில் திரும்பி வந்து, இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

ஆளுநர் மாளிகையின் மூலையில் கிடந்த பெரியதொரு துண்டுக்கு அந்தப் பாக்கியமும் கிட்டவில்லை. ஆளுநர் பினாங்குக்குச் சென்றிருந்த சமயத்தில், பாதைக்குச் சரளை பரப்பப் பணிக்கப்பட்ட கைதிகள் அதனை உடைத்துப் பரப்பிவிட்டார்கள் என்று அக்கால வணிகர் டபிள்யூ. எச். ரீட் எழுதி வைத்திருக்கிறார்.

ஐந்தாண்டு கழிந்து, 1848இல், தீவின் தென்மேற்குக் கடல்வாயிலில், இப்பொழுது கெப்பல் துறைமுகம் எனப்படும் கால்வாயின் மேற்கு நுழைவில், கப்பலோட்டிகளுக்கு நெடுங்காலம் அடையாளமாயிருந்த ஒற்றைப் பாறைத்தூணும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. பெரிய கப்பல்கள் நுழைய வழி அகலமாக வேண்டும் என்பதே காரணம். சீன மாலுமிகள் பறநாகத்தின் பற்களுக்கு ஒப்பிட்டு 'லோங்யாமென்' என்று அழைத்த வாயில் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய துணிபு. 2005இல் லாப்ரடார் பூங்காவின் கரையில் அதன் மாதிரி ஒன்று நிறுத்தப்பட்டது.

அபிவிருத்தியின் பொருட்டு ஒரு சிறு தீவு தன் புராதனச் சான்றுகளுள் இரண்டை ஒரே பத்தாண்டில் இழந்த வரலாறு இது. இதனை இப்பொழுது எடுத்துரைப்பதற்குக் காரணம், அந்த இரண்டாவது சான்று நின்ற வாயிலின் கரை முழுவதும் மறுபடியும் மாற்றியமைக்கப்பட இருக்கிறது என்பதுதான்.

துறை பெயர்கிறது

தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி ஆகிய மூன்று சரக்கு முனையங்களும் 2027ஆம் ஆண்டுக்குள் மேற்கே துவாஸுக்குப் பெயர்ந்துவிடும் என்பது அரசு வகுத்த திட்டம். அவை விட்டுச் செல்லும் நிலத்தையும் அதனையடுத்த கரையையும் சேர்த்து, வீடுகளும் அலுவலகங்களும் பூங்காக்களும் நிறைந்த புதிய நீர்முகப்பு நகரம் எழும்; பிரானித் தீவும் செந்தோசாத் தீவும் ஒருங்கிணைந்த உல்லாசப் பிரதேசமாக மாறும். தங்கள் பேரப்பிள்ளைகள் வாழப்போகும் வீடுகள் எவ்வளவு விலையாகும், கடற்கரை யாவருக்கும் திறந்திருக்குமா, கடல்மட்டம் உயர்ந்தால் என்னாகும் என்று சிங்கப்பூரில் குடும்பங்கள் பேசிக்கொள்கின்றன. அவையெல்லாம் நியாயமான கேள்விகளே. அவற்றோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டிய இன்னொரு கேள்வி, கிரேன்கள் அகன்றபின் வெளிப்படும் அந்த நிலத்தின் அடியிலும் அதனைச் சூழ்ந்த கடலின் அடியிலும் என்ன இருக்கிறது என்பது.

[பெட்டிச் செய்தி: திட்டத்தின் பரிமாணம்

பாசிர் பாஞ்சாங்கிலிருந்து மரீனா கிழக்கு வரை சுமார் 30 கிலோமீட்டர் கரை. சுமார் 2,000 ஹெக்டேர் நிலம். 2019ஆம் ஆண்டுத் தேசிய தின உரையில் இது மரீனா பே பகுதியைப் போல் ஆறு மடங்கு என்று கூறப்பட்டது.

பாசிர் பாஞ்சாங் முனையம் 2040ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெயரும்.

பிரானித் தீவில் 1890இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் ஈயம் உருக்கும் ஆலையை நிறுவியது. மலாய்க் கிராமங்கள், பின்னர்க் கடற்படைத் தளம், அதன்பின் சரக்கு முனையம் என்று அத்தீவு பல கோலம் பூண்டது.

செந்தோசாவின் முந்திய பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. அங்குள்ள சிலோசோ கோட்டை 2022 பிப்ரவரியில் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.]

எழுதி வைத்த சீனரும் எழுதாத மண்ணும்

1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது இத்தீவு சரித்திரமற்ற செம்படவர் குப்பமாயிருந்தது என்ற எண்ணம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பள்ளிக்கூடங்களில் கற்பிக்கப்பட்டு வந்தது. ஆனால் 14ஆம் நூற்றாண்டில் தென்கடல்களில் பிரயாணம் செய்த வாங் தாயுவான் என்னும் சீன வணிகர், ஏறத்தாழ 1350இல் முடித்த தம் நூலில், இங்கிருந்த இரண்டு குடியிருப்புக்களை வருணித்திருக்கிறார். ஒரு குன்றின் பக்கலில் நேர்மையான வணிக மக்கள் வாழ்ந்த இடம் ஒன்று. மற்றொன்று லோங்யாமென் வாயில். மேற்கே செல்லும் மரக்கலங்களை அவ்வாயிலின் மக்கள் விட்டுவிடுவார்கள் என்றும், சரக்கு நிரப்பித் திரும்பும் கலங்களையோ இருநூறு முந்நூறு படகுகளில் வந்து வளைத்துக் கொள்வார்கள் என்றும், அங்கே சீனர் சிலரும் உள்ளூராரோடு கலந்து வாழ்ந்தார்கள் என்றும் அவர் சொல்லுகிறார். நம் வாசகர்களுக்கு இந்தப் பிரயாணி அந்நியரல்லர். 1267ஆம் ஆண்டைக் குறிக்கும் சீன எழுத்துக்களோடு செங்கற்கோபுரம் ஒன்று சமவெளியில் நின்றதாக அவர் எழுதிய குறிப்பை, நாகப்பட்டினத்தில் நின்ற பழைய கோபுரத்தோடு ஆராய்ச்சியாளர் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கோபுரமும் 1867இல் சென்னை அரசாங்கத்தின் அனுமதியோடு இடிக்கப்பட்டுவிட்டது.

1822இல் அந்தக் குன்றின் மேல் ஏறிப் பார்த்த பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிராஃபர்ட், பழைய செங்கல் அடித்தளங்களையும், கைவிடப்பட்ட பழமரங்களையும், மட்பாண்டச் சில்லுகளையும், சீனச் செப்புக் காசுகளையும் கண்டு தம் நாட்குறிப்பில் எழுதினார். மலாய் மக்கள் அரசர்களுடைய சமாதி இருப்பதாகக் கருதி ஏற அஞ்சிய குன்று அது. 1859 முதல் அதன் உச்சி சமன்படுத்தப்பட்டுக் கேனிங் கோட்டை எழுந்தது. கோட்டை மறைந்தபின் 1920களில் அங்கே நீர்த்தேக்கம் வெட்டினார்கள். 1928இல் அந்த வேலையாட்களின் மண்வெட்டியில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜாவானியப் பாணியிலான பொன்னணிகள் அகப்பட்டன. எதிர்பாராமல் அகப்பட்ட அந்த அணிகள் இன்று தேசியப் பொக்கிஷங்கள். அகப்படாமல் மண்ணோடு வாரிக் கொட்டப்பட்டவை எவையென்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

ஒரு சிறு அகழ்வின் பெருவிளைவு

1984 ஜனவரியில், ஜான் மிக்ஸிக் என்னும் அகழ்வாராய்ச்சியாளர் தேசிய அரும்பொருளகத்தின் அழைப்பின்பேரில் அந்தக் குன்றில் சின்னஞ்சிறு குழிகள் சிலவற்றைத் தோண்டினார். வேலை பத்து நாள் அளவே நடந்தது. கோட்டையும் நீர்த்தேக்கமும் எல்லாவற்றையும் அழித்திருக்கும் என்று யாவரும் நம்பியிருக்க, மலாய் மன்னர் இஸ்கந்தர் ஷாவின் சமாதி என்று வழங்கும் இடத்தை அடுத்து, கலைக்கப்படாத 14ஆம் நூற்றாண்டு மண்ணடுக்கு அப்படியே இருந்தது. யுவான் காலத்துச் சீனப் பீங்கானும், பச்சை மெருகிட்ட கலங்களும், உள்ளூர் மட்பாண்டமும், கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டன.

அதன்பின் நாற்பது ஆண்டுகளில் நதியின் வடகரை நெடுகிலும், பாராளுமன்ற வளாகத்திலும், எம்பிரஸ் பிளேஸிலும், செயின்ட் ஆன்ட்ரூ தேவாலய வளாகத்திலும், விக்டோரியா கலையரங்கிலும், ஒவ்வொன்றாகக் குழிகள் திறக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை ஏதோவொரு கட்டட வேலைக்கு முன்னதாகவோ அதனோடு கூடவோ அவசர அவசரமாகத் திறக்கப்பட்டவை. 2015 பிப்ரவரியில் எம்பிரஸ் பிளேஸ் புல்வெளியைச் சீரமைக்கும் முன் தொடங்கி ஏப்ரலில் முடிந்த அகழ்விலே மட்டும் மூன்று டன்னுக்குக் குறையாத பழம்பொருட்கள் கிடைத்தன. ஒரு மைதானத்தின் ஓரத்தில், சில வாரங்களில், அவ்வளவு!

விளைவு யாதென்றால், ஒரு தேசம் தன் வயதை மாற்றியெழுதிக் கொண்டது. 2014இல் வந்த உயர்நிலைப் பள்ளிச் சரித்திரப் பாடநூலின் தலைப்பிலேயே 1300 என்ற ஆண்டு இடம்பெற்றது. 2019இல் ராஃபிள்ஸ் வருகையின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியபோது, கதை இருநூறிலன்று, எழுநூறில் தொடங்க வேண்டும் என்று அறிஞர்கள் எழுதினார்கள், அரசும் ஏற்றுக்கொண்டது. மலாய்ச் சிறுவனுக்கும் தமிழ்ச் சிறுமிக்கும் சீனக் குழந்தைக்கும், தங்கள் முன்னோர் வெள்ளையர் கப்பலுக்குப் பின்னே வந்தவர்கள் மட்டுமல்லர், இந்தத் துறையில் அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பண்டம் மாற்றியவர்களோடு உறவுடையவர்கள் என்ற எண்ணத்தை அந்தச் சில்லுகளே கொடுத்தன. பழம்பொருள் ஆராய்ச்சியைச் செல்வந்த நாட்டின் பொழுதுபோக்காக எண்ணுகிறவர்கள் இந்தப் பயனைக் கணக்கிலே சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

கடலும் தன் பங்கைத் தந்திருக்கிறது. பெட்ரா பிராங்கா அருகே 2015இல் மூழ்குவோர் சிலர் பீங்கான் தட்டுக்களைக் கண்டதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியில் இரண்டு கப்பற்சிதைவுகள் வெளிப்பட்டன. 2021 ஜூன் மாதம் அச்செய்தி அறிவிக்கப்பட்டது. ஒன்று 14ஆம் நூற்றாண்டுக் கலம். இதுவரை ஆராயப்பட்ட எந்தச் சிதைவிலும் காணாத அளவு யுவான் காலத்து நீலவெள்ளைப் பீங்கான் அதில் இருந்தது. மற்றொன்று இந்தியாவில் கட்டப்பட்டு, சீனத்திலிருந்து சரக்கோடு திரும்புகையில் 1796இல் மூழ்கிய 'ஷா முஞ்சர்'. பழைய கடல்வழியின் ஓரத்தில், யாரும் தேடாத இடத்தில், இவை இருந்தன என்றால், அந்த வழி தீவை நெருங்கிக் குறுகலாகும் கெப்பல் வாயிலைத் தேடிப் பார்க்காமல் விடுவது தகுமா?

மதிப்பீடு எவ்வாறு நடக்கிறது

இவ்வாறு முன்கூட்டியே தேடிப் பார்க்கும் தொல்லியல் மதிப்பீடு என்றதும் பலரும் மண்வெட்டியையே நினைக்கிறார்கள். நல்ல மதிப்பீட்டில் மண்வெட்டி பின்னாலே வருகிறது. முதலில் பழைய வரைபடங்களும் கப்பலோட்டிகளின் கடற்படங்களும் இன்றைய நிலத்தின் மேல் பொருத்தப்பட்டு, இயற்கையான கரை எங்கே ஓடியது, ஓடைகள் எங்கே விழுந்தன, எந்தக் குன்று எப்பொழுது வெட்டப்பட்டது, எந்தக் குடா எப்பொழுது தூர்க்கப்பட்டது என்று நிர்ணயிக்கப்படும். தெற்குக் கரையில் இந்த வேலை மிக நுட்பமானது. ஏனெனில் இன்று முனையமாய் விரிந்திருப்பதிற் பெரும்பகுதி கடலைத் தூர்த்து எடுத்த நிலம். 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராயிருந்த நாடு இன்று 730 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டு வளர்ந்திருக்கிறது.

தூர்த்த நிலத்தில் என்ன இருக்கப்போகிறது என்று கேட்பது இயல்பே. தோண்டி எடுத்துச் செல்லப்பட்ட மண் சான்றை அழிக்கிறது. மேலே கொட்டப்பட்ட மண்ணோ பல சமயம் அதனைக் காக்கிறது. பழைய கடற்கரையும் அதன் மீதிருந்த குப்பைமேடும், படகு கட்டிய கழிகளும், கரையொதுங்கிய கலங்களும், அந்த மண்ணின் கீழ், ஈரத்தில், காற்றுப் புகாமல் கிடக்கக் கூடும். கப்பல் செல்லும் கால்வாய் பலமுறை ஆழப்படுத்தப்பட்டதால் அங்கே ஒன்றும் எஞ்சாதிருக்கவும் கூடும். எது எங்கே என்பதை ஊகித்துச் சொல்வதற்கில்லை. சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது படிக்கு வேண்டிய கருவி பொறியாளர் கையிலேயே இருக்கிறது. எந்தக் கட்டடத்துக்கும் அஸ்திவாரம் இடுமுன் நிலத்தைத் துளைத்து மண் மாதிரி எடுக்கிறார்கள். அதே மாதிரிகளைப் புவியியல் அறிந்த தொல்லியலாளர் ஒருவர் கூட இருந்து பார்ப்பாரானால், பழைய சதுப்பு எந்த ஆழத்தில் முடிகிறது, மணல்மேடு எங்கே தொடங்குகிறது, மனிதர் மிதித்த மண் எது என்பது புதுச் செலவின்றித் தெரியவரும். கடலடியை ஒலியலைக் கருவியாலும் காந்தமானியாலும் அளந்து பார்க்கலாம். ஐயத்துக்குரிய இடங்களில் மட்டும் பின்னர்ச் சோதனைக்குழி. அக்குழியில் மேலடுக்கில் 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியத் தட்டுச் சில்லும் புட்டியும் புகைக்குழாயும் வரும். அதன் கீழே வெறுமையான மண். அதற்கும் கீழே பச்சை மெருகுப் பீங்கானும் தட்டிப் பதித்த கோலமுடைய உள்ளூர்ப் பானையும் ஒன்றாய் வருமானால், வேலையை நிறுத்தி முழு அகழ்வுக்கு அவகாசம் கேட்க வேண்டியதுதான்.

இந்த முறையில், ஒன்றுமில்லாத நிலம் ஒன்றுமில்லாதது என்று முன்னமே எழுத்து மூலம் தெளிவாகிவிடுகிறது. கட்டுவோருக்கு இதைக் காட்டிலும் பெரிய உதவி எது? நடுவேலையில் ஏதோ தென்பட்டு இயந்திரங்கள் நின்றுபோவதால் வரும் நஷ்டத்தைத் தவிர்க்கும் வழி இது ஒன்றே.

[பெட்டிச் செய்தி: ஒரு தீவு விமான நிலையமானது

ஹாங்காங்கில் லந்தாவ் தீவின் வடபால் இருந்த செக் லாப் கோக், சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்புடைய சிறு தீவு. 1989இல் புதிய விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டது. தீவின் குன்றுகளை வெட்டிச் சமன்படுத்தி, கடலைத் தூர்த்து, சுமார் 1,250 ஹெக்டேர் மேடை அமைக்கப்பட்டது.

வெட்டும் முன், 1990-91இல் ஹாங்காங் தொல்லியல் கழகத்தார் வில்லியம் மீச்சம் தலைமையில் தீவை ஆராய்ந்தனர். புதிய கற்காலக் குடியிருப்பு, தாங் காலத்துச் சுண்ணாம்புச் சூளைகள், யுவான் காலத்து உலைகள் ஆகியவை பதிவாயின.

தீவிலிருந்த தின் ஹாவ் ஆலயம் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு துங் சுங்கில் மறுபடி எழுப்பப்பட்டது. அருகிப்போன ரோமர் மரத்தவளைகள் பிடிக்கப்பட்டு வேறு காடுகளில் விடப்பட்டன.

விமான நிலையம் 1998 ஜூலை 6ஆம் தேதி திறக்கப்பட்டது.]

செக் லாப் கோக்கை முழு வெற்றி என்று கொள்வதற்கில்லை, தீவு போயிற்று. ஆயினும் அங்கே மனிதர் வாழ்ந்த பல்லாயிரம் ஆண்டுகளின் கணக்கு, புல்டோசர் இறங்குமுன் எடுக்கப்பட்டுவிட்டது. ஆராய்ச்சியால் விமான நிலையம் நின்றுவிடவுமில்லை. சிங்கப்பூரின் சொந்த அனுபவத்திலோ நேர்மாறான உதாரணம் ஒன்றுண்டு. நதியின் நடுவே புலாவ் சைகோன் என்றொரு சிறு தீவு இருந்தது. அது கரையோடு சேர்க்கப்பட்டு மறைந்தபின், 1980களின் இறுதியில் விரைவுச்சாலை வேலை நடக்கையில், இயந்திரங்களுக்கு இடையே ஓடியோடிப் பொறுக்கியெடுத்த பொருட்களே அத்தீவைப் பற்றி நமக்கு எஞ்சியவை.

படகில் வாழ்ந்தவர்களின் தடயம்

கோட்டைகளையும் மாளிகைகளையும் பட்டியலிடுவது எளிது. செங்கல்லும் பீரங்கியும் தாமே தம்மை அறிவித்துக் கொள்கின்றன. தெற்குக் கரையின் பழங்குடிகளோ பெரும்பாலும் படகிலே பிறந்து படகிலே வாழ்ந்தவர்கள். கெப்பல் கால்வாயில் 'ஓராங் செலாத்' எனப்பட்ட கடல்மக்கள் 19ஆம் நூற்றாண்டிலும் சிறு ஓடங்களில் குடும்பத்தோடு உறைந்து, கடந்து செல்லும் கப்பல்களுக்கு மீனும் பழமும் விற்றுப் பிழைத்தார்கள் என்று ஐரோப்பியர் எழுதியிருக்கிறார்கள். வாங் தாயுவான் அஞ்சிய படகு மக்களுக்கு இவர்கள் என்ன உறவு என்பதை மண்தான் சொல்ல வேண்டும். அவர்கள் கரையேறிய இடங்களில் எஞ்சுவது சிப்பிக் குவியலும் அடுப்புச் சாம்பலும் வலைக்குண்டும்தாம். சுவரைத் தேடும் கண்ணுக்கு அவை குப்பையாகவே படும். எனவே இங்கே மதிப்பீடு செய்யப்போகிறவர்களுள் ஒருவராவது குப்பைமேட்டைப் படிக்கத் தெரிந்தவராயிருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது மிகையாகாது.

1823ஐ ஒட்டி ஆற்றுமுகத்திலிருந்து தெலுக் பிளாங்காவுக்கு அனுப்பப்பட்ட மலாய்த் தலைவர் தெமெங்கோங்கின் குடும்பமும் அவரைச் சார்ந்த மக்களும் இந்தக் கரையில்தான் குடியேறினார்கள். பிரானி முதலான தென்தீவுகளின் கிராமத்தார் 1960களிலும் 70களிலும் பெருந்தீவுக்கு மாற்றப்பட்டு அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். அந்தத் தலைமுறையார் முதுமையடைந்து வருகிறார்கள். எந்தக் கிணறு எங்கே இருந்தது, எந்த மரத்தடியில் மையவாடி இருந்தது, எந்தக் கழிமுகத்தில் பழங்கலச் சில்லுகள் அலையோடு வந்து ஒதுங்கும் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கும் செய்திகள். ஒலியலைக் கருவி எந்த வருஷமும் வாங்கலாம். இவர்களை இப்பொழுதே சென்று கேட்க வேண்டும்.

தமிழர்க்கும் இந்தக் கரையில் பங்குண்டு. கெப்பலிலும் தஞ்சோங் பகாரிலும் கப்பற்பட்டறைகளில் உழைத்தவர்களுள், துறைமுக வாரியத்தின் தொழிலாளர் குடியிருப்புக்களில் வாழ்ந்தவர்களுள், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் பலர். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. அந்தக் குடியிருப்புக்களின் அடித்தளமும், அவர்கள் எறிந்த கலயமும், நூறாண்டு பழமை மட்டுமே உடையவை என்பதற்காகத் தொல்லியலுக்குப் புறம்பானவை என்று தள்ளப்படுமானால், 14ஆம் நூற்றாண்டு வணிகரைத் தேடும் ஆவலில் 20ஆம் நூற்றாண்டு உழைப்பாளியை நாமே புதைத்தவராவோம்.

படித்திருக்கக் கூடிய கல்

இழப்பின் அளவு எத்தகையது என்பதற்கு அந்த முகத்துவாரக் கல்லே தக்க சான்று. செஜாரா மெலாயு என்னும் மலாய் நூல், கலிங்க நாட்டு மல்லனைத் தோற்கடித்த படாங் என்ற பலவான் ஆற்றுமுகத்தில் பெரும்பாறையை எறிந்ததாகக் கூறும் கதையோடு இந்தக் கல்லை மக்கள் சேர்த்துப் பேசினர். 2019இல் இயன் சின்க்ளேர் என்னும் ஆய்வாளர், எஞ்சிய துண்டுகளின் பழைய படங்களை ஆராய்ந்து, 'கேசரிவ' என்ற எழுத்துத் தொடரைப் படிக்க முடிகிறது என்றும், அது பரகேசரிவர்மன் என்னும் சோழர் பட்டத்தின் பகுதியாயிருக்கலாம் என்றும் எழுதினார். அவர் கருத்துச் சரியானால், இத்தீவின் மிகப் பழைய சாசனம் சோழ நாட்டோடு தொடர்புடையதாகும். சரியன்றென்றால் வேறொரு சரித்திரம். ஒன்றை நிலைநாட்டவோ மறுக்கவோ வேண்டிய 50 வரிகளுள் பெரும்பகுதி 1843இல் தூளாகிவிட்டமையால், அறிஞர்கள் ஆறேழு எழுத்துக்களை வைத்துக்கொண்டு வாதிட வேண்டியிருக்கிறது. அன்று இடிப்பதற்கு முன் சில வாரம் செலவிட்டு, முழுக்கல்லையும் மைப்படி எடுத்து வைத்திருந்தால், கோட்டையும் எழுந்திருக்கும்; சாசனமும் நம்மிடம் இருந்திருக்கும்.

வரைபடத்துக்கு முன்பா, பின்பா?

திட்டமிடுவோர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். நிலம் அரிதான நாடு. வீட்டுக்காகக் காத்திருக்கும் இளந்தம்பதிகள் உண்டு. கடல் உயர்வதற்கு முன் கரையைப் பலப்படுத்த வேண்டும். எல்லாவற்றையும் அப்படியே வைத்திரு என்று யாரும் கேட்கவில்லை, கேட்பதும் பொறுப்பாகாது. வேறுபாடு முழுவதும் காலத்தில் இருக்கிறது. புக்கிட் பிரவுன் மயானத்தை எடுத்துக் கொள்வோம். ஏறத்தாழ ஒரு லட்சம் சீனர் சமாதிகள் உள்ள அந்த இடத்தின் ஊடே சாலை போடப்படும் என்று 2011இல் அறிவித்தபின்பே, பாதிக்கப்படும் ஏறத்தாழ 4,000 சமாதிகளைப் பதிவு செய்யும் வேலை தொடங்கிற்று. பதிவு செய்தவர்கள் மிகுந்த சிரத்தையோடு செய்தார்கள். குடும்பங்கள் பல தம் பாட்டன்மாரின் சமாதியை அதனால் கண்டறிந்தன. ஆனால் சாலை எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்ற தீர்மானத்தில் அந்த அறிவு ஒன்றும் பங்கு பெற இயலவில்லை. கோடு போட்டபின் வரும் ஆராய்ச்சிக்கு ஆவணமாகும் உரிமை உண்டு; வழிகாட்டும் உரிமை இல்லை.

1971இல் நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்கும் வாரியம் அமைந்தது. 1973இல் முதலாவதாக அறிவிக்கப்பட்ட சின்னங்களுள் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலும் ஒன்று. 2022இல் பாடாங் திடலே தேசிய நினைவுச்சின்னமாயிற்று. வெறும் புல்தரையையும் சின்னமாக மதிக்கும் பக்குவம் அரசுக்கு வந்திருப்பது போற்றத்தக்கது. அந்தப் பக்குவம் தரைக்குக் கீழேயும் செல்ல வேண்டும். தெற்கு நீர்முகப்பின் பெருந்திட்ட வரைபடத்தோடு, பழங்கரையும் தூர்த்த நிலமும் சான்று இருக்கக்கூடிய இடங்களும் குறித்த தொல்லியல் வரைபடமும் சேர்த்தே வெளியிடப்பட வேண்டும். நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் நிறுவனம், மண் பரிசோதனைக்கு ஒதுக்குவதுபோலவே, தொல்லியல் பரிசோதனைக்கும் நாளும் பொருளும் ஒதுக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

இன்னொன்று. குழியை மூடிய அன்றே மதிப்பீடு முடிந்துவிடுவதில்லை. டன் கணக்கில் சேர்ந்த சில்லுகளைக் கழுவி, எண்ணிட்டு, வகைப்படுத்தி, எழுதி வெளியிடுவதற்கு அகழ்வைப் போல் பன்மடங்கு காலம் பிடிக்கும்; அதற்குரிய பயிற்சி பெற்றவர்களோ சிலர். ஆகையால் ஆட்களைப் பயிற்றுவதும் திட்டச் செலவின் பகுதியாகவே இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கிடைக்கும் சீனப் பீங்கானையும் கண்ணாடி மணிகளையும் அறிந்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்களும் சிங்கப்பூர் ஆய்வாளர்களும் ஒரே மேசையில் இந்தச் சில்லுகளை வைத்து ஒப்பிட வேண்டிய காலம் இது.

முனையங்களின் கடைசிக் கப்பல் விடைபெறுவதற்கும் முதல் அஸ்திவாரத் தூண் இறங்குவதற்கும் இடையே பிரானியிலும் கெப்பலிலும் சில காலம் நிலம் வெறுமையாய்க் கிடக்கும். சரக்குப் பெட்டகங்கள் இல்லாத, கட்டடங்களும் எழும்பாத அத்தகைய இடைவெளி அந்தக் கரைக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கிடைத்ததில்லை. ஆராய்ச்சியாளரை அப்பொழுது அழைத்தால் போதும் என்று எண்ண வேண்டா. வரைபடங்களும் முதியோரின் வாய்மொழியும் மண் மாதிரிகளும் அதற்கு முன்னரே ஆயத்தமாயிருந்தால்தான் அந்த இடைவெளி பயன்படும். அந்த ஆயத்தத்தை இந்த வருஷமே தொடங்க வேண்டும்.